பதினாறு ஆரஞ்சு ஜெர்சிகள்

ஹெனாரோ வில்லலோன் காஸ்த்ரோவெல் கால்பந்துக் கழகத்தில் உடைப் பொறுப்பாளராகச் சேர்ந்தது 1988 ஆகஸ்ட் 3, புதன்கிழமை. அதற்கு முன் பதினேழு ஆண்டுகள் சர்க்கரை ஆலையில் மூட்டைகளுக்கு எடை பார்த்தார். ஆலை மூடிய மாதத்தில் கழகம் துணி துவைக்க ஆள் தேடியது. போய் நின்றார், எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் இருபத்தாறு சீசன்களில் ஐந்நூற்று இருபத்தேழு வெளியூர் ஆட்டங்களுக்குப் பெட்டி கட்டினார். ஒரு காலுறைகூட விட்டுப்போனதில்லை.

"எங்க கல்யாண நாள் அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனா பதினோராம் நம்பர்காரன் பாத அளவு கேளுங்க, தூக்கத்துலயும் சொல்வார்" என்பாள் அவர் மனைவி அமாலியா.

2013-14 சீசன் காஸ்த்ரோவெல்லுக்கு மோசமாகப் போனது. இரண்டாம் டிவிஷனில் இருபத்திரண்டு அணிகள். கடைசி நான்கும் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஜனவரி முடிவில் காஸ்த்ரோவெல் இருபதாவது இடத்தில் இருந்தது. இறங்கினால் கழகத்தில் வேலை பார்க்கும் முப்பத்துநான்கு பேரில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்று தலைவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

ஏப்ரலிலிருந்து காற்று திரும்பியது. வழக்கமான சிவப்பை விட்டு வெள்ளை ஜெர்சியில் ஆடிய நான்கு வெளியூர் ஆட்டங்களில் அணி தோற்கவே இல்லை. கேப்டன் ஒர்துஞோ ஹெனாரோவின் அறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"பெரியவரே, அந்த வெள்ளைய மட்டும் மாத்திடாதீங்க."

"துணி என்னடா ஜெயிக்கும்? கால்தான் ஜெயிக்கணும்."

"நாலு ஆட்டமா கால் எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. துணிதான் ஆடுச்சு."

ஹெனாரோ சிரித்தார். ஆனால் அவரும் வெள்ளை ஜெர்சிகளைத் தனியாகத் துவைக்கத் தொடங்கியிருந்தார்; ஒவ்வொன்றையும் நான்காவது ஆட்டத்துக்கு மடித்த அதே மடிப்பில் மடித்தார்.

நாற்பத்தோராவது ஆட்டம் ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, 640 கிலோமீட்டர் தெற்கே, கடலோர ஊரான அல்மொனேராவில். காஸ்த்ரோவெல்லுக்கு 46 புள்ளிகள், அல்மொனேராவுக்கு 47. இரண்டுமே விளிம்பில் நின்றன. எந்த அணி எந்த நிறம் அணிய வேண்டும் என்ற தாள் செவ்வாயன்றே வந்துவிட்டது. காஸ்த்ரோவெல்: சிவப்பு. ஹெனாரோ படித்தார், கையெழுத்தும் போட்டார். வெள்ளிக்கிழமை பெட்டி கட்டும்போது அவர் கை தானாக வெள்ளையைத்தான் எடுத்து வைத்தது.

அல்மொனேராவின் ஜெர்சி வெள்ளையில் வெளிர்நீலக் கோடு. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நடுவர் இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்தார்.

"இது சரிப்படாது. சிவப்பு எங்க?"

ஹெனாரோ பெட்டியைத் திறந்து காட்டினார். சிவப்பு ஒன்றுகூட இல்லை.

"அஞ்சரைக்குள்ள வேற நிறம் வேணும். இல்லேன்னா ஆட்டம் நடத்த முடியலைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன்."

அப்படி எழுதினால் மூன்று புள்ளிகளும் அல்மொனேராவுக்குப் போகும், காஸ்த்ரோவெல் இறங்குவது கிட்டத்தட்ட உறுதி. ஞாயிறு என்பதால் ஊரில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. ஹெனாரோ நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெமேதியோஸ் அவரை அங்கேதான் பார்த்தாள். அல்மொனேராவின் உடைப் பொறுப்பாளர். பதினொரு ஆண்டுகளாக இருவருக்கும் பழக்கம். வந்தால் காபி, போகும்போது ஒரு வசவு, அவ்வளவுதான்.

"ஏன்யா ஹெனாரோ, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

சொன்னார். அவள் முழுவதும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தபடியே நடந்தாள். போன சீசனின் மூன்றாவது மாற்று ஜெர்சி, ஆரஞ்சு நிறம், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. கோல்கீப்பர்களின் பச்சை ஜெர்சியில் பிரச்சினை இல்லை; மற்றவர்களுக்குப் பதினாறு வேண்டும். சரியாகப் பதினாறு இருந்தன.

அல்மொனேரா அணியின் மேலாளர் லூக்கே வாசலை மறித்தார்.

"ரெமே, நீ எந்தக் கட்சி? அவங்க ஆடாம போனா நாம தப்பிச்சோம்."

"நம்ம பசங்க ஆடித் தப்பிக்க மாட்டாங்கன்னு நீயே சொல்றியா? போய் அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வா. நான் அதுவரைக்கும் இஸ்திரி போடறேன்."

லூக்கே போகவில்லை; மறித்துக்கொண்டும் நிற்கவில்லை.

அவள் சூட்டில் ஒட்டும் எண்களை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். ஹெனாரோ அல்மொனேராவின் சின்னத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். ஐந்து இருபத்திரண்டுக்கு வேலை முடிந்தது. எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு கார்னர் கிக்கில் ஒர்துஞோ பந்தைத் தலையால் முட்டிக் கோல் போட்டான். காஸ்த்ரோவெல் 1-0 என்று வென்றது. பெஞ்சில் எல்லாரும் குதித்தபோது ஹெனாரோ மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

ஒரு வாரத்தில் சீசன் முடிந்தது. காஸ்த்ரோவெல் 50 புள்ளிகளுடன் தப்பித்தது. அல்மொனேரா 47-லேயே நின்று, தப்பிக்க ஒரே ஒரு புள்ளி குறைந்து இறங்கியது.

ஜூன் 11 அன்று ஹெனாரோ பதினாறு ஜெர்சிகளையும் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினார். முதல் நாள் இரவு அமாலியா கேட்டாள்: "அங்க யாராவது அடிச்சா என்ன பண்ணுவீங்க?" "வாங்கிப்பேன்" என்றார்.

ரெமேதியோஸ் ஜெர்சிகளை எண்ணி அலமாரியில் வைத்தாள். "எதுக்குய்யா இவ்ளோ தூரம்? கூரியர்ல போட்டிருக்கலாமே."

"கூரியர்காரன் உன் கையிலேயே குடுப்பானான்னு தெரியல." அலமாரியைப் பார்த்தபடி, "நீ அன்னிக்கு அலமாரியத் திறக்காம இருந்திருந்தா..." என்று இழுத்தார்.

"நாங்க மேல இருந்திருப்போம். அதத்தான் தினமும் ஊரே சொல்லுதே. பத்தொன்பது ஆட்டம் தோத்தோம்யா. மீதிப் பதினெட்டுக்கும் நானா சட்டை குடுத்தேன்? வா, சாப்பிடப் போலாம்."

துறைமுகத்து மதுக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. மூலை மேசையில் லூக்கே இருந்தார்.

"இவர்தானா அந்த ஆளு?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான்தாங்க" என்றார் ஹெனாரோ. "தப்பு என்னோடது. காப்பாத்தினது நீங்க. எங்க ஊர்ல முப்பத்துநாலு பேரும் இன்னிக்கு வேலைல இருக்கோம். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

லூக்கே தன் முன்னால் இருந்த பொரித்த நெத்திலித் தட்டை மேசையின் மறுபக்கம் தள்ளினார்.

"சட்டையக் குடுத்தோம், டிவிஷனையும் குடுத்தோம். மீன மட்டும் எதுக்கு மிச்சம் வெக்கணும்? உக்காந்து தின்னுங்க, பெரியவரே."

கடை சிரித்தது. ஹெனாரோ உட்கார்ந்தார். ஒரு மீனை எடுத்து, தலையோடு மென்றார். "நல்லாருக்கு" என்றார். ரெமேதியோஸ் அவர் பக்கம் ரொட்டியை நகர்த்தினாள். லூக்கே இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார்.

ஊர் திரும்பும் பஸ் மாலை ஐந்து இருபதுக்கு. ஹெனாரோ அதைத் தெரிந்தே தவறவிட்டார்.