சீட்டு மட்டும் போதும் என்று நினைத்தேன்

ஆவடி பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில், இருளர் நோயாளிகளுக்கு உதவுவதற்காகவே போட்டிருக்கும் மேசையில் நான் வேலை பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில், பருத்திப்பட்டு ஏரிப் பக்கமிருந்து கன்னியம்மா தன் கணவரை அழைத்து வந்தார். கருவேல முள் ஏறி அவர் பாதம் வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகும்படி சீட்டு எழுதிக் கொடுத்தேன். எந்த பஸ் என்றும் சொன்னேன். பதிவேட்டில் ‘அனுப்பியாயிற்று’ என்று எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். பாதம் கறுத்திருந்தது. பிளாஸ்டிக் கவரில் அதே சீட்டு, மடிப்புக் கலையாமல்.

“ஏம்மா போகல?” என்று கத்திவிட்டேன்.

“போனோம்மா. மூணு நாளும் ஓரமா குந்திகினு இருந்தோம். கூப்டுவாங்கனு பாத்தோம். யாரும் கூப்டல.”

அவர் குரலில் புகார் இல்லை. போகிற இடமெல்லாம் ‘தள்ளி நில்லு’ என்றே கேட்டுப் பழகியவர்கள், கூட்டத்தில் முண்டிச் சீட்டை நீட்டுவார்கள் என்று நான் எப்படி நினைத்தேன்?

அன்று ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். உயிர் தப்பியது, முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

இப்போது யாரை அனுப்பினாலும் கூடவே போகிறேன். டாக்டர் பார்த்த பிறகுதான் திரும்புகிறேன். மேசையில் ஆளில்லை என்று என் மேல் புகார் போயிருக்கிறது. போகட்டும். அந்த மேசையை விட்டு நான் நகராததால்தான் ஒருவர் இன்று பாதிப் பாதத்தோடு நடக்கிறார்.