ஏழு சீட் காடி

பதின்மூன்று வருடம் ஓடிய ஒரு சொகுசு எஸ்யூவியை நான் வாங்கியபோது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பாக்கார் ஆராங்கில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் ஒன்று, கூலிமில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை, இவ்வளவுதான் நான். தனியாளுக்கு ஏழு பேர் உட்காரும் காடி எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நானும் மூடப் போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆசை. இருபத்தெட்டு வருடம் கணவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் நான். லைசென்ஸ் இருந்தும் பசாருக்குப் போய்வர மட்டும்தான் சாவி என் கைக்கு வரும். வேலைக்குத் தொழிற்சாலை பஸ். உயரமான ஒரு வண்டியில் நானே உட்கார்ந்து, சாலையை மேலிருந்து பார்த்து ஓட்ட வேண்டும் என்று பல வருடமாக மனதுக்குள் இருந்தது. அவர் இருந்தவரை அதை வாய் திறந்து சொன்னதில்லை.

விற்றவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். முதல் நாளிலிருந்து என்னென்ன மாற்றினார் என்பதைத் தேதி வாரியாக ஒரு தடித்த ஃபைலில் வைத்திருந்தார். யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஸ்பேனர் செட்டைக் கொண்டுவந்து பின் சீட்டில் வைத்தார். அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

விலை, புதிதாக ஒரு சின்ன காடி வாங்குவதைவிடக் குறைவு. யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போட முடியாது என்று எல்லாரும் பயந்ததால் வந்த விலை அது. எனக்கு அந்தப் பயம் இல்லை. கெட்டுப்போன சர்க்யூட் போர்டுகளை டெஸ்ட் செய்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் தொழிற்சாலையில் என் வேலை. அங்கே செய்வதை வீட்டு போர்ச்சில் செய்யப் போகிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

என் அண்ணன் அப்படி நினைக்கவில்லை. எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உறவு அவர்தான். பாடாங் மேஹா பக்கம் ஒரு எஸ்டேட்டில் டிராக்டர்களையும் லாரிகளையும் பழுது பார்க்கிறார். என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். கணவரின் கருமாதி முடிந்த அன்றே, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னவர். நான் மறுத்ததை இன்னும் மறக்கவில்லை. ஒரு பெண் தனியாக இருக்க முடியாது என்பதற்கு ஆதாரம் தேடிக்கொண்டே இருந்தார். அதற்குத் தோதாக நானே போய் ஒரு பழைய காடியை வாங்கி நிறுத்தினேன்.

பூஜை அவருடைய எஸ்டேட் கோயிலில். நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் சாவியோடு ஏறப் போனபோது, பூசாரி அண்ணனைப் பார்த்தார். கணவனை இழந்தவள் முதலில் வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றக் கூடாதாம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் கையை நீட்டினார், நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். என் காடி, என் எலுமிச்சம்பழம், நசுக்கியது அண்ணன். எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

அதோடு விட்டாரா அண்ணன்? பூசாரி மஞ்சள் தண்ணீரோடு முன்னால் வந்ததும், பானெட்டைத் திறந்து, இஞ்சின் மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியையும் கழற்றி வைத்தார். தண்ணீர் மூடியில் பட்டால் என்ன பலன், இஞ்சினில் அல்லவா படவேண்டும் என்பது அவர் கணக்கு. டிராக்டர்களுக்கு அப்படித்தான் செய்வார்களாம். பூசாரியும் கஞ்சத்தனம் பார்க்காமல் வேப்பிலையால் அள்ளி அள்ளித் தெளித்தார்.

திரும்பும் வழியில், பாதித் தூரம் வருவதற்குள் காடி இருமத் தொடங்கியது. டேஷ்போர்டில் இஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. வீட்டுக்கு எப்படியோ வந்து சேர்ந்தேன். சகுனமே சரியில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று அண்ணன் போனில் சொன்னார். நான் கோளாறு காட்டும் ஸ்கேனரைக் காடியில் மாட்டினேன். மூன்றாவது சிலிண்டர். அதன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றிப் பார்த்தால், ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிக்குள் மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மஞ்சள் நீராட்டு நடந்த பிளக்கை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, தலைமுடி காயவைக்கும் மெஷினால் காயவைத்து, ஒரு புதுக் காயிலும் போட்டேன். பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. அன்று போர்ச்சில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும், இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டுக்குள் ஆள் இல்லை என்பது உறைத்தது.

அடுத்த ஒரு வருடம் யானை தீனி கேட்டுக்கொண்டே இருந்தது. காற்றில் நிற்கும் சஸ்பென்ஷன் இறங்கி, காலையில் காடி ஒரு பக்கமாகக் குந்தியிருக்கும். கூலன்ட் ஒழுகும். ஒவ்வொரு முறையும் அண்ணன் திட்டிக்கொண்டே வந்துவிடுவார். நான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு கீழே படுத்திருப்பேன், அவர் டார்ச் பிடித்துக்கொண்டு அதிலேயும் குறை சொல்வார். பிறகு இருவரும் சாப்பிடுவோம். கருவாட்டுக் குழம்பு என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட இருப்பார். அந்த நாட்களை நான் கோளாறு நாட்கள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒழுகியதையெல்லாம் அடைத்தேன். தேய்ந்ததையெல்லாம் மாற்றினேன். இரண்டாவது வருடம் காடிக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணனும் வரவில்லை.

தினமும் கூலிமுக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவுகிறேன். மூன்றாவது வரிசை சீட்டில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை, தூசி மட்டும் தட்டுகிறேன். சில வாரம் தஞ்சோங் டாவாய் வரை போய், படகுகள் ஆற்று முகத்துவாரத்தில் திரும்பி வருவதைக் காடிக்குள்ளிருந்தே பார்ப்பேன். நெத்திலி வாங்குவேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. மூன்று முறை அண்ணனைக் கூப்பிட்டேன், சேர்ந்து போய் மீன் வாங்கிக்கொண்டு வரலாம் என்று. அடுத்த வாரம் பார்ப்போம் என்பார். அடுத்த வாரம் போனே வராது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, நான் வெட்கப்படவேண்டிய ஒரு காரியம் செய்தேன். பேட்டரி டெர்மினலை ஸ்பேனரால் தளர்த்தி, வயரை லேசாக நகர்த்தி வைத்தேன். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு, காடி ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். முக்கால் மணி நேரத்தில் டூல் பெட்டியோடு வந்து நின்றார். நான் குழம்பு கொதிக்கவிட்டிருந்தேன்.

அவருக்குக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வயரைச் சரியாக மாட்டி, நட்டை முறுக்கினார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. நிமிர்ந்து, மிகவும் சாந்தமாகப் பேசினார்.

"ஒரு நட்டுகூட டைட் பண்ணத் தெரியல. முடியலன்னு ஒத்துக்கம்மா. காடிய வாங்க ஆள் இருக்கு, இன்னிக்கே சொல்லிடறேன். வீட்டையும் பூட்டிட்டு வந்துரு லா."

சொல்லிக்கொண்டே போனைக் கையில் எடுத்தார். ஒரு வருடம் தரையில் படுத்து நான் நிரூபித்ததெல்லாம் ஒரு தளர்ந்த நட்டோடு போகப் போகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் காடியும் வீடும் போய்விடும். திறந்தால் என் மானம் போகும்.

"எனக்கு டைட் பண்ணத் தெரியும்ணே. காலைல நான்தான் லூஸ் பண்ணேன்."

"ஏன்?"

"காடி ஓடலன்னாதான நீங்க வர்றீங்க."

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டேனா?"

"மூணு தடவ கூப்பிட்டேன்ணே."

 அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டார். டூல் பெட்டியை மூடினார், ஒருமுறை திறந்து மறுபடி மூடினார். சாப்பிட வாருங்கள் என்று நான் உள்ளே போய்விட்டேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.  சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர் போர்ச்சுக்குப் போனார். கிளம்புகிறார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். அவர் என் காடியில், ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார். தஞ்சோங் டாவாய்க்கு எடு என்றார்.

பரிதாபப்பட்டுத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பரவாயில்லை என்று ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன்.