கலெக்டருக்கு நாடாப்புழு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சோற்றுப் பருக்கை நடந்தது.

சிரிக்காதீர்கள்! நான் பார்த்தேன், என் மனைவி கோமதி பார்த்தாள். ஆனால் முதலில் பார்த்தவர் அவளுடைய அண்ணன். பார்த்த இடம் – அவருடைய வேட்டி.

மச்சானுக்குத் திருச்சுழிப் பக்கம் பருத்தி விவசாயம். அருப்புக்கோட்டைக்கு வண்டி கட்டி வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். வெள்ளை வேட்டி, அதைவிட வெள்ளைச் சட்டை. பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், மடியிலிருந்து ஒரு பருக்கையைப் பொறுக்கினார்.

"ஏ தங்கச்சி, அரிசிக்கு ரேஷன் போட்டிருக்காக. நீ என்னடான்னா பாயெல்லாம் சிந்தி வச்சிருக்க..."

பருக்கை நீண்டது. சுருங்கியது. அவர் விரலில் ஊர ஆரம்பித்தது!

அவ்வளவு கனமான மனிதர் அவ்வளவு உயரம் குதித்து நான் பார்த்ததில்லை.

பாயின் மறுகோடியில் எங்கள் பூனை படுத்திருந்தது. பெயர் கலெக்டர். தினமும் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ப் பார்வையிட்டு வருவதால் அப்படி. கொஞ்ச நாளாக எவ்வளவு தின்றாலும் இளைத்துக்கொண்டே வந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தால்... அங்கேயும் அதே பருக்கைகள்.

"நாளைக்குப் போறப்ப சாக்குல கட்டிக் கொண்டுபோயி உடமரக் காட்டுல விட்டுர்றேன்" என்றார் மச்சான்.

கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையில்லாத வீடு எங்களுடையது. கலெக்டர் பக்கத்தில் வந்து உட்காராமல் அவளுக்குச் சோறு இறங்காது.

மாட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். பூனைக்கென்று யாரும் அவரைத் தேடி வந்ததே இல்லையாம்.

"நாடாப்புழு. வயித்துக்குள்ள நீளமா இருக்கும், துண்டு துண்டா உதிரும். உடம்பை நக்கும்போது பூனை தெள்ளுப்பூச்சியையும் முழுங்குதில்ல, அதுலேருந்து வர்றது. புழு, தெள்ளு ரெண்டையும் ஒழிக்கணும். பாக்கை அரைச்சுக் குடுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பூனை தாங்காது" என்றார். கபிலப்பொடி ஒரு பொட்டலம் கொடுத்தார். பட்டுக்குச் சாயம் போடுவார்களே, அதே சிவப்புப் பொடிதான். இரவு பட்டினி, காலையில் நெய்யில் குழைத்து ஒரு உருண்டை.

சொல்வது சுலபம்!

காலையில் உருண்டையைக் கருவாட்டுக்குள் ஒளித்து வைத்தேன். கலெக்டர் கருவாட்டைத் தின்றுவிட்டு உருண்டையை அப்படியே எனக்கு விட்டுவைத்தது. சரி, பொடியாகவே போடலாம் என்று துண்டில் சுற்றினோம். கோமதி பிடித்துக்கொண்டாள், நான் அதன் வாயைத் திறந்து பொடியைக் கொட்டினேன். அது தும்மியது. என் மீசை சிவப்பு, கோமதியின் மூக்கு சிவப்பு! துண்டிலிருந்து துள்ளிய கலெக்டர் நேராக மச்சான் மார்பில் போய் இறங்கியது. வெள்ளைச் சட்டையில் வரிசையாகச் சிவப்புப் பாதங்கள்...



மச்சான் சட்டையைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். திடீரென்று வெடித்துச் சிரித்தார்.

"தள்ளுங்க மாப்ள. காளைக்கே மருந்து குடுக்கிற கை இது!"

பூனையை மடியில் வாங்கிக்கொண்டார். "வாடா ராசா..." கடைவாயை விரலால் நெம்பி, புது உருண்டையை அடிநாக்கில் தள்ளி, தொண்டையை நீவினார். மடக்கென்று உள்ளே போயிற்று.

அப்புறம் யாருக்கு வேலை ஓடும்? பூனை போன இடமெல்லாம் நாங்களும் போனோம். மச்சான் வண்டி பூட்டுவதையே தள்ளிப் போட்டுவிட்டார். உச்சிவேளைக்குக் கொல்லைப்புறச் சாம்பல் குவியல் பக்கமிருந்து ஒரு கூச்சல்.

"ஏ தங்கச்சி! வந்துருச்சு! ஓடியா, ஓடியா!"

பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குக்கூட அவ்வளவு குதூகலம் இருக்காது. பக்கத்து வீட்டு நெசவாளர் தறியை விட்டு எட்டிப் பார்த்தார். ரிப்பன் மாதிரி நீளமாகக் கிடந்தது. அள்ளி நெருப்பில் போட்டோம். பாய், துணியெல்லாம் வெந்நீரில் விழுந்தன. மச்சானே பேன் சீப்பால் கலெக்டரை வாரித் தெள்ளுப்பூச்சிகளை ஒழித்தார். அது அவர் மடியிலேயே தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லாமல் கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தார்.

காட்டில் விடச் சொல்வதெல்லாம் தள்ளி நின்று பார்க்கும்வரைதான். ஒரு தடவை வாயில் மருந்து ஊட்டிப் பாருங்கள் – அப்புறம் அது நம் வீட்டு ஆள்!

சாயங்காலம் வண்டியில் ஏறப்போனவர், கோமதி காதில் விழாத தூரத்துக்கு என்னை இழுத்துப் போனார்.

"மாப்ள, அந்தப் பொடி மிச்சம் இருக்கா?"

"ஏன் மச்சான், ஊர்ல பூனை வளக்கிறீகளா?"

வயிற்றைத் தடவிக்கொண்டார். "பூனையில்ல... நேத்துலருந்து எனக்கே உள்ளுக்குள்ள என்னமோ ஊர்ற மாதிரி இருக்கு!"

டாக்டரிடம் அனுப்பி வைத்தேன் – மனிதர்களைப் பார்க்கிற டாக்டரிடம்.