ஜரிகைக் கரைத் துண்டு

என் மனைவியின் தம்பி துபாய்க்குத் திரும்பும்போது தன் கறுப்புக் காரின் சாவியையும் மைக்ரோஃபைபர் துணிப் பாக்கெட் ஒன்றையும் என்னிடம் கொடுத்தார்.

“மச்சான், இதுலதான் தொடைக்கணும். துண்டப் போட்டுத் தேச்சிறாதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. துடைக்கக்கூட இவன் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பாக்கெட்டை நான் பிரிக்கவே இல்லை. விசேஷங்களில் எனக்குப் போர்த்திய பருத்தித் துண்டுகள் பீரோவில் அடுக்கடுக்காகக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து வாரம் தவறாமல் அழுத்தித் துடைத்தேன். கரையில் இருந்த ஜரிகையை யோசிக்கவில்லை.

லீவில் வந்தவர் வெயிலில் நின்ற காரைச் சுற்றிவந்தார். பானெட் முழுக்க வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள்.

“நார்த்தாமலை போனப்ப கருவ முள்ளு ஒரசியிருக்கும் மாப்ள” என்றேன். முள் வட்டமாகவா கீறும்?

அவர் டிக்கியைத் திறந்தார். உள்ளே பிரிக்காத பாக்கெட்டும் அதன்மேல் என் துண்டும் கிடந்தன.

“சரிங்க மச்சான், முள்ளுன்னா என்ன பண்றது” என்று டிக்கியை மூடினார். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

மறுவாரம் அவருடைய புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். வழக்கப்படி வீட்டு மாப்பிள்ளைகள் எங்கள் மூவரையும் சபையில் நிறுத்தித் துண்டு போர்த்தினார். மற்ற இருவருக்கும் அகலமான ஜரிகைக் கரை. எனக்கு மட்டும் கரையே இல்லாத வெள்ளைத் துண்டு. சபையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்குக் காது வரை சுட்டது.