டெல்லி ரிலேயை வெட்டிய மதியம்

1. லூர்தம்மாளின் முதல் ஃபோன்

டியூட்டி ரூம் ஃபோனை எடுத்ததுமே வசவுதான் வந்தது.

“யக்கா, அந்த ஆளு பேச்ச எப்ப நிப்பாட்டுவாரு? காலையிலேர்ந்து ஒரே முழக்கமா முழங்குதாரு. இன்னைக்குப் பாட்டு உண்டுமா இல்லையா? இல்லன்னா சொல்லிருங்க, ரேடியோவத் தூக்கிப் பரண்ல போட்டுருதேன்.”

பேசியது திரேஸ்புரம் லூர்தம்மாள். தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த அரசு வானொலி நிலையத்தில் அந்தக் குரலைத் தெரியாதவர்களே கிடையாது. நேற்றுப் போட்ட பாட்டை இன்றும் போட்டால் குறை. புதுப் பாட்டுப் போட்டால் அதுவும் குறை. ஃபோன் கிடைக்காவிட்டால் திட்டுவார். கிடைத்துவிட்டால், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்று திட்டுவார். அதே லூர்தம்மாள்தான் மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வந்து கேட் செக்யூரிட்டியிடம் கொடுத்து, “கிரேஸ் அக்காவுக்குத் தொண்ட கட்டிருக்கு போல, நாலு நாளா கேக்கேன். இனிப்புத் தின்னாச் சரியாவும்” என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். கிரேஸ் நான்தான். அவர் என்னைவிட மூத்தவர். ஆனால் மைக்கில் பேசுகிற பெண் என்றால் எங்கள் நேயர்களுக்கு எல்லா வயதிலும் அக்காதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைப் பார்க்க சாத்தான்குளம் வரை வருகிறார்கள். மைக் முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது, அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது அந்த ஒரு மதியத்தைப் பற்றி மட்டும்தான்.

அன்றைக்கு டெல்லியில் பெரிய விழா. எல்லா நிலையங்களும் நேரடி ரிலே எடுக்க வேண்டும், மறு உத்தரவு வரும்வரை விடக்கூடாது என்று ஆர்டர். ஒரு மணிக்கு வரும் எங்கள் ‘நேயர் விருப்பம்’ ரத்தாகும்போல் இருந்தது. எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான். “நான் என்னம்மா செய்ய? மேலிடத்து உத்தரவு” என்று வெடுக்கென்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

2. எச்சரிக்கை வந்தது, வாசித்தேன்

கார்த்திகை மாதம். காலையில் நான் பஸ்சில் வரும்போது கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. பன்னிரண்டு மணியைத் தாண்டியதும் மீன்வளத் துறை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. மதியத்துக்கு மேல் வாடைக் காற்று திடீரென்று பலமாக வீசும், கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும். பெரிய விசைப்படகுகளில் வயர்லெஸ் உண்டு, அவற்றுக்குச் சொல்லியாகிவிட்டது. சங்கு குளிக்கப் போன சின்ன வள்ளங்கள் சில மட்டும் தென்கிழக்கே நின்றன. அவற்றில் வயர்லெஸ் கிடையாது. செல்ஃபோன் டவரும் அவ்வளவு தூரம் எட்டாது. “ஒங்க எஃப்.எம். மட்டுந்தான் அங்கன கேக்கும். பாத்துச் செய்ங்க மேடம்” என்றார் அந்த அலுவலர்.

எங்கள் டைரக்டர் சென்னையில் மீட்டிங்கில் இருந்தார். அவரை ஃபோனில் பிடித்தேன்.

“வாசிங்கம்மா. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஒரு நிமிஷம்தான். உடனே ரிலேக்குத் திரும்பிடணும். இன்னைக்கு மானிட்டரிங் பயங்கரமா இருக்கு. எந்த ஸ்டேஷன் வெட்டுதுன்னு பாத்துக்கிட்டே இருக்காங்க.”

அப்படியே செய்தேன். ரிலே ஒலியைக் குறைக்கும் ஃபேடரை இறக்கி, எச்சரிக்கையை நிறுத்தி நிதானமாக வாசித்து, மறுபடி ரிலேயை ஏற்றினேன். வாசித்துவிட்டு வெளியே வரும்போது கடமை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஃபோன் மறுபடியும் அடித்தது.

லூர்தம்மாள்தான். இந்த முறை வசவு இல்லை. மூச்சு வாங்கியது. கடற்கரைக்கு ஓடியிருக்கிறார்.

“யக்கா, எங்க வீட்டுக்காரரும் எந் தம்பிமாரு ரெண்டு பேரும் அந்த வள்ளத்துலதான் இருக்காவ. நீங்க வாசிச்சத அவிய கேட்டிருக்க மாட்டாவ.”

“ஏன்? ரேடியோ கொண்டு போகலையா?”

“கொண்டு போயிருக்காவ. ஆனா ஒங்க ஸ்டேஷன வச்சிருக்க மாட்டாவ. இந்தப் பேச்ச எவன் கேப்பான்? இதுக்குள்ள சிலோன்காரன் பாட்டுக்குத் திருப்பிருப்பாரு.”

காலி நாற்காலிகளுக்கு முன்னால் எச்சரிக்கை வாசித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிறகு அவர் சொன்னதை அத்தனை வருடங்களில் எனக்கு யாரும் சொன்னதில்லை. சங்கு குளிக்கப் போகிறவர்கள் செல்லையும் வாட்சையும் தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். வள்ளத்தில் ஒருவர் மட்டும் மேலே இருந்து கம்ப்ரசரையும், கீழே போகிறவர்களுக்கு மூச்சுக்காற்று போகும் டியூபையும் பார்த்துக்கொள்வார். அந்த வள்ளத்தில் அது லூர்தம்மாளின் கணவர் சேசையா.

“ஒரு மணிக்கு ஒங்க புரோக்ராம் டியூன் வந்தாத்தான் அவரு டியூப்ப இழுத்துக் குடுப்பாரு. சோத்துக்குக் கூப்புடுதாவன்னு கீழ உள்ளவன் ஏறி வருவான். அதனால அந்நேரத்துக்கு ஒருக்க ஒங்க ஸ்டேஷனத் திருப்பிப் பாப்பாரு. அப்பவும் இந்த மனுசன் பேசிக்கிட்டிருந்தா, இன்னும் நேரமாவலன்னு மறுபடி அங்கனயே திருப்பிருவாரு. யக்கா, டியூனப் போடுங்க. ஒங்களக் கும்புடுதேன்.”

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

“டியூனைப் போட்டு எச்சரிக்கையையும் வாசிக்கிறேன். போதுமா?”

“வாசிச்சா வரமாட்டாவ.” அந்த நேரத்திலும் அவருக்குக் கோபம் வந்தது. “நீங்க தெனமும்தான் வாசிக்கிய. குமரியில காத்தடிச்சாலும் வாசிக்கிய, ராமேஸ்வரத்துல அடிச்சாலும் வாசிக்கிய. இங்கன கடலு கொளம் மாதிரி கெடக்கும். அதக் கேட்டு வீட்டுல உக்காந்தா அடுப்பு எரியுமா? எங்க ஆளுக்கு ஒங்க எச்சரிக்கைன்னாலே சிரிப்பு.”

“அப்போ யார் சொன்னால் கேட்பார்?”

கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. “லைனிலேயே இருங்கம்மா, நீங்கதான் அவரைக் கூப்பிடணும்” என்றேன்.

3. ஒரு மணி

கன்ட்ரோல் ரூமில் இன்ஜினியர் தங்கதுரை அண்ணாச்சி இருந்தார். புதுக்கோட்டைக்காரர், அளந்து பேசுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். ரிலேயை முழுசாக எடுக்க வேண்டும், டியூன் போட வேண்டும், லூர்தம்மாளின் ஃபோனை நேராகக் காற்றில் விட வேண்டும். நேயர்களின் ஃபோனை முதல் நாளே பதிவு செய்து, வெட்டி ஒட்டித்தான் ஒலிபரப்புவோம். நேரடியாக விட்டதே கிடையாது. அதுவும் டெல்லி ரிலேயை எடுத்துவிட்டு!

“மேடம், ஒங்க வேலைக்கே ஒல வச்சிருவாங்க” என்றார்.

“லாக் புக்குல எம் பேர எழுதுங்க அண்ணாச்சி. நான் சொல்லித்தான் எடுத்தேன்னு எழுதுங்க.”

அவர் எதையும் எழுதவில்லை. ஃபோன் லைனைக் கன்சோலில் மாட்டினார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பதவி உயர்வு ஃபைல் அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது. செகண்ட் முள் மேலே வந்ததும் டெல்லிக்காரரை ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே இறக்கினேன். எங்கள் டியூன் ஏறியது. தினமும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன டியூன். அன்றைக்கு அதை மூன்று முறை முழுதாக ஓடவிட்டேன். பிறகு எச்சரிக்கையைச் சுருக்கமாக வாசித்தேன். “இப்போது திரேஸ்புரத்திலிருந்து லூர்தம்மாள் பேசுகிறார்” என்று சொல்லி ஃபோன் ஃபேடரை ஏற்றினேன்.

“அந்தோணி அப்பா...” என்று மகன் பெயரால் கணவரைக் கூப்பிட்டார்.

அதோடு நின்றுவிட்டார். அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. வாய் திறந்தால் மூடாத மனுஷிக்குப் பேச்சு வரவில்லை. காற்றில் ஒலியே இல்லாத ‘டெட் ஏர்’ எங்கள் தொழிலில் பெரிய பாவம். சில நொடிகள் சும்மா இருந்தாலே கன்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பேசி நிரப்பியிருக்கலாம். ஏனோ கை மைக் பக்கம் போகவில்லை.

அப்புறம் அழுகை வந்தது. அடக்க முடியாத அழுகை. அதன் நடுவே ஒரே ஒரு வார்த்தை.

“வந்துருங்க.”

லைன் கட்டாகிவிட்டது.

டைரக்டரின் ஃபோன் விடாமல் அடித்தது. நான் எடுக்கவில்லை. ஒரு பாட்டு, ஒரு டியூன், ஒரு எச்சரிக்கை என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி தாண்டியதும் ஸ்டுடியோவுக்கு வெளியே வராந்தாக் கதவு அறைந்து சாத்தியது. காற்று வந்துவிட்டது. மீன்வளத் துறைக்கு ஃபோன் போட்டேன். “இன்னும் ஒண்ணும் தெரியல மேடம்” என்றார்கள். அரை மணி கழித்துப் போட்டேன், அதே பதில். செகண்ட் ஷிப்ட் அறிவிப்பாளர் வந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. டியூட்டி ரூமில் ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். யாருக்கு ஃபோன் போட்டு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. லூர்தம்மாளின் நம்பர் இருந்தது, ஆனால் அதை அமுக்கத் தைரியம் இல்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் தகவல் வந்தது. எல்லா வள்ளங்களும் கரை சேர்ந்துவிட்டன. சேசையாவின் வள்ளம் கம்ப்ரசரைக் கடலில் தள்ளிவிட்டுத்தான் தப்பி வந்ததாம். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அண்ணாச்சி கேண்டீனுக்குப் போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார். அதைக் குடிக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

4. சேசையா

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. அதே நாள் சேசையாவும் வந்தார். முதல்முறையாக அவரைப் பார்க்கிறேன். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்று, “உக்காருங்க அண்ணாச்சி” என்றேன். உட்காரவில்லை.

“அவளை எதுக்கு ஊரே கேக்க அழவச்சிய?” என்றார்.

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இன்னைக்குத் தண்ணி பிடிக்கக்கூட வெளிய வரமாட்டேங்கா. கூட உள்ள பொம்பளையெல்லாம் கேலி பண்ணுதாளுவளாம்.” பிறகு குரல் தணிந்தது. “ஒங்க டியூனக் கேட்டேன், மச்சினமாரு ரெண்டு பேத்தையும் ஏத்துனேன். நீங்க காத்து வருதுன்னு வாசிச்சதையும் கேட்டேன். வழக்கமா வாசிக்கிறதுதானன்னு சோத்துச் சட்டியத் தொறந்தோம். அப்பத்தான் அவ குரலு. எங்க அம்மா செத்தன்னைக்குக்கூட அவ அழுது நான் பாத்ததில்ல. வீட்டுல பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சிட்டேன். நங்கூரத்த அறுத்து விட்டுட்டு வந்தேன். காத்துக்குப் பயந்து வரல மேடம். எழவு வீட்டுக்குத்தான் வாரோம்னு நெனச்சி வந்தோம்.”

சொல்லிவிட்டுக் கும்பிட்டார். அது கோபமா நன்றியா என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போய்விட்டார்.

அனுமதி இல்லாமல் நேயரை நேரடியாகப் பேசவிட்டது ஏன் என்று மெமோவில் கேட்டிருந்தார்கள். அவர் பேசினால்தான் வருவார்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். என் பதவி உயர்வு தள்ளிப்போனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். நிறையவே வருத்தப்பட்டேன்.

பிள்ளைகளே, உச்சரிப்பு பிசகாமல், மூச்சு தெரியாமல் எத்தனையோ எச்சரிக்கைகளை நான் வாசித்திருக்கிறேன். அன்றைக்கும் பிசகில்லாமல்தான் வாசித்தேன். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் சோற்றுச் சட்டியைத் திறந்தார்கள். உங்கள் கையில் எச்சரிக்கை வந்தால், மைக்கைத் திறக்கும் முன்னால் கரைக்கு ஒரு ஃபோன் போடுங்கள். யார் கூப்பிட்டால் அந்த வள்ளம் திரும்பும் என்று கேளுங்கள். அது நீங்களாக இருக்காது.