மூன்றாவது பெஞ்சில் கேட்காத மூச்சு

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. புதுச்சேரி டவுனில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு டென்ஷன் குறையட்டும் என்று அந்த வருடம் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் பத்து நிமிடம் மைண்ட்ஃபுல்னஸ் என்று ஒரு தியான பீரியட் வைத்தார்கள். எங்களுக்கு ஒரே ஒரு நாள் பயிற்சி, கையில் இரண்டு பக்கத் தாள், அவ்வளவுதான். நானே பிரஷருக்கு மாத்திரை போடுகிறவள். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்தார்கள்.

தாளில் இருப்பதை அப்படியே வாசிப்பேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள், அலை வரும்போது மூச்சை இழுங்கள், அலை போகும்போது விடுங்கள். முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் எனக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை பீச் ரோட்டில் ஒரு நடையும் ஒரு பொட்டலம் சுண்டலும்தான். என் வகுப்பில் பாதிப் பேர் வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அது அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஞாபகம் இருக்கும், தாளை வாசிக்கும்போது இருக்காது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரமே, முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவளுடைய அப்பா இறந்துபோனார். கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறிவிட்டார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பத்து நிமிடமும் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளுவார்கள், அரைக்கண்ணால் என்னைப் பார்ப்பார்கள். இவளுக்கு இமைகூட ஆடாது. பாவம், துக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு நம்மால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அவளை மாதிரி இருங்கள் என்று வகுப்புக்கே சொன்னேன். ஹெட்மிஸ்ட்ரஸிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் அலை வருகிறது என்று வாசித்து முடித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் சத்தம் அடங்கியது. நாற்பது பிள்ளைகள் மூச்சு விடுகிற சத்தம் கேட்க வேண்டும் அல்லவா, கேட்கவில்லை. காது அடைத்துவிட்டதோ என்று விரலை விட்டு ஆட்டிக்கூடப் பார்த்தேன். கண்ணை மூடிய நாற்பது முகங்கள் என் பக்கமாக இருந்தன. ஒரு தோளும் ஏறி இறங்கவில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்றால் ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

கடைசி பெஞ்சில் ஒருத்தி ஹா என்று மூச்சை விட்டாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் வகுப்பு முழுக்க இரைத்தது. மூன்றாவது பெஞ்சுக்காரி மட்டும் அப்படியே இருந்தாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது. தொட்டதும் டெஸ்க்கில் சரிந்துவிட்டாள்.

தரையில் படுக்கவைத்துக் கன்னத்தைத் தட்டினேன். ஒரு பெண்ணை ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஓடச் சொன்னேன். பிறகு அவளிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து, கணக்குக்கு விடை சொல்கிற குரலில் சொன்னாள்:

"தொண்ணூத்தாறு மிஸ். நேத்து தொண்ணூறுதான்."

என்னடி எண்ணினாய் என்று கேட்டேன்.

"எங்கப்பா ரொம்ப நேரம் தம் கட்டுவாரு மிஸ். தண்ணிக்குள்ள எவ்ளோ நேரம் உசுரோட இருந்திருப்பாருன்னு பாக்குறேன். நீங்க அலை வருதுன்னு சொன்னதும் ஆரம்பிச்சிடுவேன்."

தினமும் அவளைத் தண்ணீருக்குள் அனுப்பியது நான்தான். அது போதாதென்று, அவளை மாதிரி இருங்கள் என்று நான் சொன்னதால் மற்றவர்களும் அவளிடம் ரகசியம் கேட்டிருக்கிறார்கள். தம் கட்டினால் ஆடாமல் இருக்கலாம் என்று அவளும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அவளுடைய அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர், கையில் செதிலோடு ஓடி வந்தார். வீட்டிலும் தண்ணீர் வாளியில் முகத்தை முக்கிக்கொண்டு நிற்பாளாம், முகம் கழுவுகிறாள் என்று நினைத்தாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கடல நெனச்சா எங்களுக்குத் தூக்கம் வராது மிஸ். நீங்க அதச் சொல்லியா புள்ளைங்கள அமைதியா இருக்கச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரிடம் காட்டினோம், கவுன்சலிங்குக்கும் கூட்டிப்போனோம். மாதக்கணக்கில் ஆனது. இப்போது பத்தாவது படிக்கிறாள், வகுப்பில் வாயாடி என்று அவள்மேல் புகார் வருகிறது, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் இப்போதெல்லாம் நான் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்வதில்லை, பேசவிட்டுவிடுகிறேன். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து நல்ல பிள்ளை என்று சொல்ல, இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.