கயிறு திரித்த கையில் ஆட்டு ரோமம்

ஆனந்தபாய் அக்கா தன் மகள் லேகாவோடு காட்டாக்கடைக்குக் குடிபோய் ஒரு வருடம் ஆகிறது. எங்கள் ஊரான காரோட்டில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறுதான். காலையில் தண்ணீர் கோரும்போது இப்போதும் அந்தப் பக்கம் திரும்பி, சாயா குடித்தாயிற்றா என்று கேட்க வாய் வருகிறது. பூட்டின வீட்டிடம் என்ன கேட்பது.

அக்கா முப்பது வருடம் பூவார் காயல் கரையில் கயிறு திரித்தவர். தேங்காயின் மேல்மட்டையான கதம்பையை மாதக்கணக்கில் காயல் சேற்றில் அழுகப் போட்டு, எடுத்துக் கட்டையால் அடித்து, பிரிந்துவரும் நாரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார். அந்தக் கை பட்டால் துணியில் நூல் எழும்பும், அவ்வளவு வெடிப்பு.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கையால் ஆனதைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, கோழி, அவரவருக்குக் கர்த்தர் தந்தது. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அக்கா வருடந்தோறும் வைத்தது ஒரு சுருள் கயிறு. கயிற்றுக் களம் இருந்த இடத்தில் படகுத்துறை வந்த பிறகு, ஒரு வருடம் கடையில் வாங்கிய சீனிப் பொட்டலத்தை வைத்தார். அன்று ஏலத்துக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் கிணற்றடியில் என்னிடம் சொன்னார்.

"வேற ஆரோ செய்த சாதனத்த, நான் தாறேன் ஆண்டவரேண்ணு சொல்ல எனக்கு நாக்கு வரல்ல மக்கா. இனி எனக்க கையில ஒண்ணும் இல்லேண்ணா நான் பண்டிகைக்கு வரமாட்டேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அதனால் அடுத்த பண்டிகை நெருங்க நெருங்க நான்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பண்டிகைக்கு மூன்று வாரத்துக்கும் மேல் இருக்கும்போது, ஜெயச்சந்திரன் அண்ணனின் வாழைத்தோட்டத்தில் உரத்துக்காகச் செம்மறியாட்டுக் கிடை போட்டார்கள். சங்கரன்கோவில் பக்கத்து ஆட்டுக்காரர்கள். மந்தையில் ரோமம் அடர்ந்த சில ஆடுகளைப் பிடித்துக் கத்தரித்து, வரப்போரத்தில் குவித்திருந்தார்கள். அக்கா அதில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். நூல் போலச் சேர்ந்து வந்தது.

"இதும் ஒரு நாராக்கும்," என்றார்.

கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு சாக்கு. ஒன்று அக்காவின் தலையில், ஒன்று என் தலையில்.

எந்த நாரானாலும் முதலில் ஊற வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. கதம்பையைப் போலவே எல்லா ரோமத்தையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் கல்லை ஏற்றிவிட்டார். நான்கு நாளில் நாற்றம் தொடங்கியது. அக்கா வீட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த புஷ்பபாய், அவரோடு ஒரே களத்தில் கயிறு திரித்தவள், மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

"எக்கா, உள்ள போட்டிருக்கியது ஆட்டையா, ஆட்டுக்காரனையா?"

"கதம்பை நாத்தத்துலயாக்கும் நீ மூணு பிள்ளைகள வளத்த. ஒனக்கு இப்பதான் மூக்கு வந்துதா பிள்ளே?"

அதன்பிறகு புஷ்பபாய் தினமும் ஒரு தடவை வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். அக்கா அசையவில்லை.

பத்து நாள் கழித்துத் திறந்தால் தண்ணீர் கன்னங்கரேல் என்று இருந்தது. ரோமம் மட்டும் வெளுத்திருந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். பாதியை வாரிக் கல்லில் போட்டு, பழைய கட்டையை எடுத்து அடிக்கத் தொடங்கினார். கதம்பையை அடித்தால் நாருக்கு நடுவில் தூளாக இருக்கும் சோறு உதிர்ந்து நார் தனித்தனியாகப் பிரியும். இது அடிக்க அடிக்க ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் முழுவதும் இறுகிக் கட்டிச் சாக்கு மாதிரி ஆகிவிட்டது. நானும் இழுத்துப் பார்த்தேன். ஒரு இழை வரவில்லை.

அக்கா கட்டையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தார். அந்தக் கைகள் சும்மா மடியில் கிடந்து நான் பார்த்தது அன்றுதான். பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். இதற்கெல்லாம் ஜெபிக்கலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் ஜெபித்தேன்.

மீதிப் பாதியை அக்கா அடிக்கவில்லை. அலசி, நிழலில் பாய் விரித்துக் காயவைத்து, விரலாலேயே பிரித்தார். மத்தியானச் சோறு ஆனதும் நானும் போய் உட்காருவேன். முள்ளும் புழுக்கையும் பொறுக்குவது என் வேலை. திரிப்பது அக்கா. அதிலும் தொல்லை. கயிற்றுக்குக் கொடுக்கிற பலத்தைக் கொடுத்தால் இழை முறுக்கேறிச் சுருண்டு முடிச்சு விழும், இல்லையென்றால் அறுந்துவிடும். எத்தனை தடவை அவிழ்த்தாரோ. ஐந்தாம் நாள் சொன்னார், பிறந்த பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி கையை வைக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு அறுந்தது குறைவு. ரோமத்தில் இருந்த எண்ணெய்ப் பசையில், தேங்காயெண்ணெய்க்கு அடங்காத கைவெடிப்பெல்லாம் மூடிவிட்டது.

பண்டிகையன்று ஒரு தேங்காய் அளவு நூலுருண்டை. அக்கா அதை இரண்டு கையிலும் ஏந்தி வரிசையில் போய், மரச்சீனிக்கும் ஒரு கோழிக்கும் நடுவில் வைத்தார். ஆட்டு மணம் முழுதாகப் போகவில்லை.

ஏலம் விளிக்கிற ஜாய் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்னவாக்கும் என்று கேட்டார். அக்கா எழுந்தார்.

"செம்மறியாட்டு ரோமம். நான் திரிச்சது."

ஜாய் ஒரு தடவை விளித்தார். ஒருவரும் விலை கேட்கவில்லை. இந்த வெயிலூரில் கம்பளி நூல் யாருக்கு வேண்டும். மூன்று தடவை விளித்தும் ஏலம் போகாததை, வைத்தவரே திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும், அது எங்கள் சபை வழக்கம். இரண்டாம் தடவையும் விளித்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பபாய் எழுந்து ஒரு விலை சொன்னாள். இது உனக்கு எதற்கு என்று ஜாய் கேட்டார்.

"பத்து நாளு அந்த நாத்தத்த சகிச்சது நானாக்கும். சாதனம் வேற ஆருக்கும் போவண்டாம்."

முற்றமே சிரித்தது. ஜாய் மூன்றாம் தடவை விளித்து முடித்தார். அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார்.

மூன்று பேரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தோம். புஷ்பபாய் உருண்டையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பாதி வழியில் அவளுக்கு யோசனை வந்தது.

"எக்கா, இத வச்சு இனி என்ன செய்யணும்?"

"அது எனக்கு எங்கன தெரியும்? வாங்கினது நீயாக்கும்," என்றார் அக்கா, நடையை நிறுத்தாமல்.